சர்க்யூட் ரைடிங்: ‘நீதிவலம்’ சரிவருமா?

வணக்கம்.

அமெரிக்காவின் ‘சர்க்யூட் கோர்ட்’டைத் தமிழில் ‘சுற்று நீதிமன்றம்’ எனலாம் என்று நேற்று ஒரு பரிந்துரை வந்தது; நீதிமன்றத்தைக் குறிக்க அது போதும். பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆபிரகாம் லிங்கனின் வக்கீல் வாழ்க்கையைத் தமிழில் எழுதும்போது எனக்கு இடிக்கிற இடம் வேறு. ஊர் ஊராகப் போய் வழக்காடிய அந்தப் பயணத்துக்கே, அதாவது ‘சர்க்யூட் ரைடிங்’குக்கே, ஒரு பெயர் வேண்டும்.

1834 முதல் 1842 வரை அவர் இல்லினாய் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். நடுவில் 1836இல் வக்கீல் உரிமம். இதற்கெல்லாம் சொல் இருக்கிறது. சிக்கல் அவர் வழக்காடிய ‘எட்டாவது சர்க்யூட்’ என்ற நீதிமன்றப் பகுதியில்தான். கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) ஒரு நீதிபதி வைக்குமளவு அன்று வழக்குகள் இல்லை. அதனால் ஒரே நீதிபதி, வசந்தத்தில் ஒரு முறை, இலையுதிர் காலத்தில் ஒரு முறை, கவுண்டி கவுண்டியாகப் போவார். வக்கீல்களும் குதிரையிலோ வண்டியிலோ பின்னால் போவார்கள். ஒரு கட்டத்தில் 14 கவுண்டிகள், 400 மைலுக்கு மேல். சத்திரத்தில் ஒரே கட்டிலில் இரண்டு வக்கீல்கள் படுப்பது சாதாரணம். 1848இல் வந்த நீதிபதி டேவிட் டேவிஸுக்கு மட்டும் தனிக் கட்டில்; ஆள் அவ்வளவு பருமன். (1862இல் அவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியவர் அதிபர் லிங்கன்தான். பயணத் தோழமை வீண்போகவில்லை!)

‘சுற்றமர்வு’ நன்றாக இருக்கிறது, ஆனால் படிப்பவர் செஷன்ஸ் கோர்ட்டை நினைப்பார். ‘வட்டம்’ என்றால் தாலுகா. ‘சுற்றுப்பயணம்’ என்றால் அமைச்சர் வருகிறார். சர்க்யூட் ஹவுஸைச் ‘சுற்றுலா மாளிகை’ ஆக்கியதில் நீதிபதி டூரிஸ்ட் ஆனதே போதும்.

என் பரிந்துரை ‘நீதிவலம்’. நகர்வலம், கிரிவலம் எல்லாம் காதுக்குப் பழகியவை. புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதும் வலத்தில் அடக்கம்; லிங்கனும் தான் வாழ்ந்த ஸ்பிரிங்ஃபீல்டில் கிளம்பி அங்கேதான் திரும்புவார். ‘எட்டாம் நீதிவலம்’ என்றால் பகுதி, ‘நீதிவலம் போனார்’ என்றால் பயணம்.

அமெரிக்காவின் இன்றைய கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றப் பகுதிகளான சர்க்யூட்டுகளில் நீதிபதி குதிரை ஏறுவதில்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம். அதற்கு ‘வலயம்’ போதும். இலங்கையில் கல்வி வலயம் என்கிறார்களே, அதுபோல.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “டேவிஸ் வர முடியாத நாட்களில், நீதிவலத்தில் உடன் வந்த லிங்கனே சில சமயம் அவர் நாற்காலியில் அமர்ந்து வழக்குக் கேட்டார்.” எனக்கு இடறவில்லை. உங்களுக்கு?