ஒரே ஒரு நாள் பாரிஸில்: மோன்மார்த்ர் குன்றை நடந்து பார்க்கலாமா, வேண்டாமா?

காரிமங்கலத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். ஓசூர்ல வேலை. கம்பெனி பயிற்சிக்கு பாரிஸ் அனுப்புறாங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் முழுசா என் கையில் இருக்கு. ஈஃபில் கோபுரத்துக்கு வரிசையில நிக்க விருப்பமில்ல. ஒரே ஒரு பகுதியைக் காலால நடந்து பார்க்கணும். பிக்காசோவும் வான்கோவும் கையில காசில்லாத காலத்துல இருந்த மோன்மார்த்ர் குன்றுதான் மனசுல இருக்கு. ஆனா எனக்கு முன்னாடி போய்வந்த ஒருத்தர், "அது இப்ப வெறும் கடைத்தெரு, போகாதே"ன்னு அடிச்சுச் சொல்றார். போனவங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பர்கூரான்:
தம்பி, அவர் சொன்னதுதான் சரி. கிரானைட் வியாபாரத்துக்காக அந்தப் பக்கம் போய்வர்றவன் நான்.

ஓவியர்கள் ஏன் அந்தக் குன்றுக்கு வந்தாங்கன்னு முதல்ல பாருங்க. அழகுக்காக இல்ல, காசுக்காக. 1860 வரைக்கும் மோன்மார்த்ர் பாரிஸுக்கு வெளியே இருந்த தனி கிராமம். ஊரைச் சுற்றி வரி வசூலிக்க ஒரு மதில் இருந்தது. மதிலுக்கு உள்ளே போற ஒயினுக்கு வரி, வெளியே இல்ல. அதனால குடிக்கிறவன், பாடுறவன், ஆடுறவன் எல்லாம் மதிலைத் தாண்டிக் குன்றடிக்கு வந்தான். அப்புறம் பாரிஸ் நடுவுல பழைய வீடுகளை இடிச்சு அகலமான சாலை போட்டாங்க. வாடகை கொடுக்க முடியாதவங்க ஓரத்துக்குத் தள்ளப்பட்டாங்க. ஓவியர்களும் அந்தக் கூட்டத்தோட வந்தவங்கதான்.

இன்னைக்கு அங்க வாடகை கொடுத்து ஒரு ஏழை ஓவியர் இருக்க முடியுமா? முடியாது. பிக்காசோவே 1909ல குன்றை விட்டு இறங்கிட்டார், 1912ல ஆத்துக்கு அந்தப் பக்கம் மோன்பர்னாஸுக்குப் போயிட்டார். மேல ப்ளாஸ் து தெர்த்ர் சதுக்கத்துல இப்ப நகராட்சி அனுமதிச் சீட்டோட ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் இடத்துல உட்கார்ந்து முகம் வரைஞ்சு விக்கிறாங்க. அவங்க பிழைப்பை நான் குறை சொல்லல. ஆனா நீங்க தேடிப் போறது அது இல்ல.

பழையபேட்டை டீச்சர்:
நான் கிருஷ்ணகிரியில் ஓவிய ஆசிரியை. பர்கூர் அண்ணன் சொன்ன வாடகைக் கணக்கு உண்மை. ஆனால் அதிலிருந்து "போகாதே" என்று முடிப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

ஓவியர் போய்விட்டால் அவர் வரைந்த தெருவும் போய்விடுமா? சுசான் வலதோன் என்றொரு பெண். சலவைத் தொழிலாளியின் மகள். சிறுமியாக இருந்தபோதே சர்க்கஸில் வித்தை செய்தவர், கீழே விழுந்து அடிபட்டதும் ஓவியர்களுக்கு மாடலாக நின்று பிழைத்தார். ரென்வாருக்கும் துலூஸ்-லொத்ரெக்குக்கும் நின்றவர். அவர்கள் கை எப்படிப் போகிறது என்று நின்ற இடத்திலிருந்தே பார்த்துப் பார்த்துக் கற்றார், பிறகு தானே வரைந்தார். எந்தக் கலைப் பள்ளியிலும் படிக்கவில்லை. அவர் வேலை செய்த அறை ரூ கோர்த்தோ தெருவில் 12ஆம் எண் வீட்டில் இருக்கிறது. அந்த வீடுதான் இப்போது மோன்மார்த்ர் அருங்காட்சியகம். ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தையும் அந்த அறையின் அளவையும் பார்த்தால், அவர் படங்களில் பெண்கள் ஏன் அவ்வளவு அருகில், அவ்வளவு நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்பது புரியும். என் வகுப்புப் பெண்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை அவருடையதுதான். "கடைத்தெரு" என்ற ஒரு சொல்லில் அவரை ஒதுக்க நான் விடமாட்டேன்.

அவர் மகன் உத்ரில்லோ அந்தத் தெருக்களையே வாழ்நாளெல்லாம் வரைந்தார். சுவரின் வெள்ளை சரியாக வரவேண்டும் என்று வண்ணத்தில் சுண்ணமும் பிளாஸ்டரும் கலந்தார். நேரில் அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது அவர் எதைப் பிடிக்க முயன்றார் என்று தெரியும்.

பர்கூரான்:
டீச்சர், பிளாஸ்டர்னு சொல்லிட்டீங்க, அது என் துறை. அந்தக் குன்றே ஒரு குவாரிதான். கடையில வாங்குற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்கு அந்தப் பேர் வந்ததே, பாரிஸைச் சுற்றி ஜிப்சம் வெட்டினதால. அதுல மோன்மார்த்ர் பெரிய இடம். நூற்றாண்டுக் கணக்கா குடைஞ்சு எடுத்திருக்காங்க. உச்சியில இருக்கிற வெள்ளைக் கிறிஸ்தவக் கோயில் சாக்ரே கெருக்கு அஸ்திவாரம் போட சாதாரண மண் தாங்கல. 83 குழி, ஒவ்வொண்ணும் 33 மீட்டர் ஆழம் வெட்டி, கல் நிரப்பித் தூண் எழுப்பின பிறகுதான் மேல கட்ட முடிஞ்சது. பர்கூர்ப் பக்கம் கைவிட்ட கல்குவாரிக்கு மேல வீடு கட்டினவனைக் கேளுங்க, அதோட அர்த்தம் தெரியும்.

இன்னொண்ணும் சொல்றேன். தம்பி அந்தக் கோயிலை வெறும் அழகான கட்டடமா மட்டும் பார்த்துட்டு வரக்கூடாது. 1871 மார்ச் 18ஆம் தேதி, குன்றுமேல மக்கள் காவல்படை வச்சிருந்த பீரங்கிகளை அரசுப் படை எடுத்துப்போக வந்தது. ஊர்ப் பெண்களும் ஆண்களும் குறுக்க நின்னாங்க. பாரிஸ் கம்யூன்ங்கிற மக்கள் எழுச்சி அங்கதான் ஆரம்பிச்சது. அந்த எழுச்சியை ரத்தத்துல அடக்கின பிறகு, 1875ல அதே குன்றுல கோயிலுக்குக் கல் நட்டாங்க. தோத்தவங்க தலைமேல கட்டினதாத்தான் அங்க பல பேர் இன்னைக்கும் நினைக்கிறாங்க. இன்னொரு பக்கம், கோயிலுக்கு நேர் கீழே இருக்கிற பூங்காவுக்கு கம்யூன் போராளி லூயிஸ் மிஷேல் பேரை வச்சிருக்காங்க.

இதெல்லாம் எழுதி வச்ச வரலாறு, புத்தகத்துலயே படிக்கலாம். காலால நடந்து பார்க்கவேண்டியது வேற இடம். லா ஷப்பல்.

காரிமங்கலத்தான்:
அண்ணா, லா ஷப்பல்னா நம்ம ஈழத் தமிழர் கடைகள் இருக்கிற இடம்தானே? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

பர்கூரான்:
சம்பந்தம் இருக்கு. லா ஷப்பலும் தனி கிராமமா இருந்து, மோன்மார்த்ர் மாதிரியே 1860ல பாரிஸோட சேர்க்கப்பட்டது. ரெண்டோட பெரும்பகுதியும் இன்னைக்கு ஒரே 18ஆம் வட்டாரம். ஒண்ணு குன்று, ஒண்ணு ரயில் பாதைக்குப் பக்கத்துல தாழ்ந்த இடம். போரிலிருந்து தப்பி 1980களிலிருந்து வந்த ஈழத் தமிழர்கள் காலூன்றினது லா ஷப்பல் மெட்ரோ நிலையத்தைச் சுற்றித்தான். நிலையத்துக்குத் தெற்கே, 10ஆம் வட்டாரத்துல வர்ற ரூ காய் தெருவிலயும் ஃபோபூர் சேன் தெனி சாலையிலயும் நடந்தீங்கன்னா புடவைக் கடை, நகைக் கடை, முருங்கைக்காய், கொத்து ரொட்டி. தமிழ்ல பெயர்ப்பலகை, தமிழ்ல சண்டை. மாணிக்க விநாயகர் கோயில் தேர் வரும்போது நடுரோட்டுல தேங்காய் உடையும்.

கையில ஒண்ணுமில்லாம வந்து, வாடகை குறைஞ்ச இடத்துல ஒண்டி, தன் பாட்டையும் மொழியையும் காப்பாத்திக்கிட்டவங்க இவங்க. 1900ல குன்றுமேல இருந்தவங்களோட வாரிசு யாருன்னு கேட்டா, நான் இவங்களைத்தான் காட்டுவேன். டிக்கெட் வாங்கி ஒருத்தர் அறையைப் பார்க்கிறதைவிட, உயிரோட இருக்கிறவங்க தெருவுல நடக்கிறது மேல்.

பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட்:
எதுக்குங்க பாரிஸ். தர்மபுரி கோட்டைக் கோயிலையும் நடுகற்களையும் எத்தனை பேர் நின்னு பார்த்திருப்பீங்க? பாப்பாரப்பட்டிக்குப் போங்க, சுப்பிரமணிய சிவா கடைசிக் காலத்துல இருந்த ஊர். நம்ம மண்ணை முதல்ல நடங்க.

பழையபேட்டை டீச்சர்:
பாலக்கோட்டுத் தம்பி, என் மாணவர்களைப் பழையபேட்டைத் தெருக்களில் உட்கார்த்தி வரையவைக்கிறேன், சையத் பாஷா மலை அடிவாரத்துக்கும் கூட்டிப்போகிறேன். நம் மண்ணைப் பார்த்த கண்தான் இன்னொரு ஊரையும் பார்க்கும். ஒன்றுக்காக இன்னொன்றை விடவேண்டியதில்லை.

பர்கூர் அண்ணே, லா ஷப்பலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் போகட்டும். ஆனால் "வாரிசு" என்று சொன்னதை ஏற்கமாட்டேன். அவர்கள் குண்டுக்குத் தப்பி வந்தவர்கள். வலதோனும் பிக்காசோவும் ஒரு வேலையைச் செய்து முடிக்கவேண்டும் என்ற பிடிவாதத்தில் அந்த வறுமையில் இருந்தவர்கள். இரண்டு துயரத்தையும் ஒன்றாக்கினால் இருவருக்கும் நியாயம் செய்யவில்லை. மளிகைக் கடை வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவரை "கலைஞர் மாதிரி" என்று புகழவேண்டிய தேவையே இல்லை. அவர் செய்தது அதனளவில் பெரிது.

தம்பி, வழி சொல்கிறேன். மெட்ரோ 12ஆம் தடத்தில் லமார்க்-கோலேன்கூர் நிலையத்தில் இறங்குங்கள். அது குன்றின் வடக்குப் பக்கம், கூட்டம் குறைவு. காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். படி ஏறி ரூ தே சோல் தெருவுக்கு வந்தால் ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம். 1933இல் அந்த மனையில் கட்டடம் வந்துவிடாமல் தடுப்பதற்காக ஊர்க்காரர்கள் போராடி நட்டது. வெயில் சரியாக விழாத வடக்குச் சரிவு, திராட்சைக்கு ஏற்ற இடமே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் அறுவடை நடக்கிறது. அங்கே கொஞ்சம் நில்லுங்கள். அடுத்து ரூ கோர்த்தோ, வலதோனின் அறை. பிறகு சரிவில் இறங்கி எமில் கூதோ சதுக்கம். பிக்காசோ 1904 முதல் இருந்த பாத்தோ லாவ்வார் கட்டடம் அங்கேதான். மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே தண்ணீர்க் குழாய் இருந்தது. கடைசியாக ரூ லெபிக் தெரு: மிஞ்சிய இரண்டு காற்றாலைகளும், 54ஆம் எண்ணில் வான்கோ தம்பி தியோவோடு 1886இலிருந்து 1888 வரை இருந்த வீடும். அபெஸ் நிலையத்தில் முடியும். காலில் நல்ல செருப்பு போதாது, ஷூ போடுங்கள். எல்லாம் கல் பாவிய சரிவு.

பர்கூரான்:
வழி நல்ல வழி டீச்சர். குன்றின் தெற்குப் பக்கம், கோயிலுக்குக் கீழே படிக்கட்டுல, கையில நூல் கட்டிவிட வருவாங்க தம்பி. கட்டிட்டா காசு கேப்பாங்க. கையைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு நடங்க.

அபெஸ்ல முடிக்காதீங்க. கிழக்கே இறங்கி பார்பெஸ், அங்க மெட்ரோ தலைக்கு மேல பாலத்துல ஓடும். அந்தப் பாதை போறதே பழைய வரி மதில் இருந்த கோட்டுமேலதான். அதோடவே நடந்தா லா ஷப்பல். வாரிசு விஷயத்துல நான் சொன்னதை மாத்திக்கல டீச்சர். பிழைக்க வந்த இடத்துல கோயிலும் கடையும் நாடகமும் நடத்துறதும் பிடிவாதம்தான்.

காரிமங்கலத்தான்:
காலையில டீச்சர் வழி, மதியம் அண்ணன் வழி. சாப்பாடு ரூ காய் தெருவுல. ஒண்ணு மட்டும் கேக்கணும். பாத்தோ லாவ்வார்ல இப்பவும் ஓவியர் பட்டறைகள் இருக்குன்னு படிச்சேன். அப்படின்னா குன்றுல ஒண்ணுமே மிச்சமில்லன்னு எப்படி அண்ணா சொல்றீங்க?

பர்கூரான்:
பழைய மரக் கட்டடம் 1970ல தீயில போயிடுச்சு தம்பி, முகப்பு மட்டும்தான் தப்பிச்சது. பின்னாடி கான்கிரீட்ல திரும்பக் கட்டி ஓவியர்களுக்குக் கொடுத்திருக்காங்க, உண்மைதான். ஆனா உள்ள விடமாட்டாங்க. தெருப்பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல்ல பழைய படங்கள் வச்சிருக்கும், அதைத்தான் பார்த்துட்டு வரணும்.

பழையபேட்டை டீச்சர்:
உள்ளே வேலை நடக்கும்போது கதவு மூடித்தான் இருக்கும் அண்ணே. தம்பி, ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.