டர்போ ஏற்றிய கார்களும் கொழும்பு வெயிலும்: நால்வரின் அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தை, டொயோட்டா 86

வெளியேற்றப் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவைப் பூட்டினால் எத்தனை குதிரைவலு கூடும் என்றுதான் எல்லோரும் பேச்சைத் தொடங்குகிறார்கள். கொழும்பில் ஓட்டுகிறவருக்கு அது மூன்றாவது கேள்வி. எந்தப் பெற்றோல் அடிக்கப்போகிறீர்கள் என்பது முதலாவது. மாலை ஐந்தரை மணிக்குக் காலி வீதியில் நிற்கும்போது அந்த எஞ்சின் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது இரண்டாவது. என் காரைப் பார்த்த டியூனர் (எஞ்சினின் அமைப்புகளைத் திருத்தித் தருபவர்) இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் பொனற்றைத் திறந்தார். ஆள் மீது அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

86 எஞ்சின் இரண்டு லீற்றர், 200 குதிரைவலு. அந்த 200ம் நிமிடத்துக்கு 7000 சுழற்சியில்தான் கிடைக்கும். 3500க்கும் 4500க்கும் நடுவில் முறுக்குவிசை ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். நகரத்துக்குள் ஓட்டுகிறவன் பெரும்பாலும் அந்தப் பள்ளத்துக்குள்தான் கிடக்கிறான். வேறு கார் பார்க்கலாம் என்றால், 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். நாட்டுக்குள் இருந்த பழைய கார்கள் வாங்கிய விலையைத் தாண்டி விற்கப்பட்டன. கையில் இருப்பதை மாற்றுவது ஒன்றுதான் அப்போது மிச்சமாக இருந்தது.

சிக்கல் எஞ்சினின் பிறவியிலேயே இருக்கிறது. அதன் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது, 12.5. டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தை அந்த எண்ணிலிருந்துதான் எடுக்கிறது. இந்த எஞ்சினைச் செய்த சுபாரு, இதே குடும்பத்து எஞ்சினுக்குத் தானே டர்போ வைத்தபோது விகிதத்தை 10.6க்கு இறக்கியது. தொழிற்சாலை இறக்கிய எண்ணை நாம் இறக்காமல் டர்போ வைப்பதென்றால், பூஸ்டில், அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தத்தில், பேராசைப்படக் கூடாது. நான் அரை பாரோடு நிறுத்திக்கொண்டேன்.

கடல்மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். அதன்மேல் அரை பார் என்றால், காகிதக் கணக்கில் ஒன்றரை மடங்கு காற்று. ஆனால் அழுத்திய காற்று சூடேறும். 30 பாகையில் உள்ளே போகும் நம் ஊர்க் காற்று டர்போவை விட்டு வெளியே வரும்போது 80 பாகையைத் தொட்டுவிடும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு. அது போகட்டும், அதைவிட மோசமானது நொக்கிங். பிளக் பற்றவைத்த தீ சிலிண்டரின் மறுபக்கம் போய்ச் சேருமுன், அங்கே இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடுகிறது. அழுத்த விகிதம் கூடினாலும், காற்று சூடேறினாலும், பெற்றோலின் ஒக்டேன் (நொக்கிங்கைத் தாங்கும் அளவு) குறைந்தாலும் அந்த ஆபத்து கூடும். 12.5 விகிதத்தில் டர்போ வைத்துக் கொழும்பில் ஓட்டுகிறவனுக்கு முதல் இரண்டும் எப்போதும் கூடவே இருக்கின்றன. அவன் கையில் உள்ளது மூன்றாவது மட்டும்.

கார் ஓடும்போது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தன் வேலையைச் சரியாகப் பார்க்கிறது. பம்பலப்பிட்டிச் சந்தியில் நிற்கும்போது அது குடிப்பது முன்னால் நிற்கும் பஸ்ஸின் சூட்டைத்தான். உள்ளே போகும் காற்று 60 பாகையைத் தாண்டியதை மீற்றரில் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எஞ்சினின் கணினியான ஈசியூ தீப்பொறியைப் பிந்த வைத்து எஞ்சினைக் காப்பாற்றும். கார் மந்தமாகிவிடும். பச்சை விளக்கு விழுந்ததும் பக்கத்தில் நிற்கும் வாகன்ஆர் முந்திப் போகும். போகட்டும்.

டியூனர் ஈசியூவுக்கு இரண்டு மெப் (எரிபொருளையும் தீப்பொறியையும் ஆளும் அட்டவணை) எழுதிக் கொடுத்தார், 95 ஒக்டேன் பெற்றோலுக்கு ஒன்று, 92க்கு ஒன்று. இரண்டாவது எதற்கு என்று அப்போது தோன்றியது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய நாட்களில், எது கிடைத்ததோ அதைத்தானே அடித்தோம்? அந்த மாதங்களில் கார் 92 மெப்பில்தான் ஓடியது. பூஸ்ட், அதைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் அனுமதிக்கும் குறைந்த அளவோடு நின்றது. ஓட்டச் சுகம் இல்லை, ஆனால் பிஸ்டன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த எஞ்சினில் முதலில் தோற்பது பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ரொட். அதை வளைப்பது உச்சக் குதிரைவலு அல்ல, தாழ்ந்த சுழற்சியில் திடீரென்று வரும் முறுக்குவிசை. அதனால் 3000 சுழற்சியில் முதுகு இருக்கையோடு ஒட்ட வேண்டும் என்று கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம். என் காரில் பூஸ்ட் படிப்படியாகத்தான் ஏறும். பள்ளம் நிரம்பிவிட்டது, எனக்கு அது போதும். மெரின் டிரைவில் கியர் மாற்றும்போது 'புஷ்' என்று சத்தம் வரவேண்டும் என்பதற்காகவே டர்போ பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எழுதவில்லை.

நகரத்தில் பலன் குறைவு, அதிவேகப் பாதையில் 100க்கு மேல் போகக் கூடாது, பிறகு எதற்கு இந்தச் செலவு என்று மனைவி கேட்கிறார். நியாயமான கேள்வி. நுவரெலியாவுக்குப் போனபோதுதான் என்னிடம் ஒரு பதில் இருந்தது. கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத கார் அங்கே ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். ரம்பொடை வளைவுகளில் முன்பு இரண்டாம் கியரில் முனகிய அதே கார், இந்த முறை மூன்றாம் கியரில் ஏறியது. டர்போவுக்குப் பழைய சொந்த வேலையே இதுதான். 1918இல் அமெரிக்காவில் சான்ஃபர்ட் மொஸ் என்ற பொறியியலாளர் விமான எஞ்சின் ஒன்றில் டர்போ பூட்டி, அதைப் பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். உயரத்தில் மெலிந்துபோகும் காற்றை ஈடுகட்டத்தான்.

கொட்டாஞ்சேனை, கொரோலா லெவின் ஏஈ111

அண்ணா எழுதியது சரியாகச் செய்த கதை. நான் வாங்கியது வேறொருவர் செய்து முடித்த கதை.

லெவினில் உள்ளது 20 வால்வு கறுப்புமூடி 4ஏ-ஜிஈ. 1.6 லீற்றர், 165 குதிரைவலு, அழுத்த விகிதம் 11. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் காற்றை அளந்து விடும் ஒரு த்ரொட்டில், ஆக நான்கு. முந்திய உரிமையாளர் அந்த நான்கையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியை ஒட்டவைத்து, பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஸ்டார்லெட் டர்போவைப் பூட்டியிருந்தார். ஸ்டார்லெட் 1.3 லீற்றர் கார். அதன் டர்போ கீழே சீக்கிரம் விழித்துக்கொள்ளும். 6000க்கு மேல் வெளியேற்றப் புகை அதற்குள் போக வழியில்லாமல் மூச்சுத் திணறும். 7800 வரை பாடக்கூடிய எஞ்சினுக்கு அதைக் கட்டியது பெரிய குதிரைக்குச் சின்னக் கடிவாளம் போட்டது மாதிரி.

வாங்கும்போதே நீலப் புகை விட்டது. டர்போவின் சீல் போய்விட்டது, மாற்றினால் சரி என்று விற்றவர் சொன்னார். பஞ்சிகாவத்தையில் எனக்குப் பழக்கமான கடைக்கார நானா அந்த டர்போவைக் கையில் வாங்கித் தண்டை ஆட்டிப் பார்த்தார். "இதுல ஒண்டும் இல்ல தம்பி, ஒயில் திரும்பிப் போற குழாயப் பாருங்க" என்றார். பார்த்தோம். விரல் பருமன் ரப்பர் குழாய், நடுவில் தொய்ந்து, எஞ்சின் ஒயில் மட்டத்துக்குக் கீழே போய் இணைந்திருந்தது. டர்போவுக்குள் ஒயில் அழுத்தத்தோடு போகிறது. வெளியே வரும்போது அதற்குத் தன் எடையைத் தவிர வேறு உந்துதல் இல்லை. குழாய் அகலமாகவும் நேராகக் கீழ்நோக்கியும் இருந்து, ஒயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஒயில் தேங்கி, நல்ல சீலையும் தாண்டிக் கசியும். இப்படிச் சீல்மீது பழி போட்டுத் தூக்கி எறிந்த நல்ல டர்போக்கள் எத்தனையோ தன் கடைக்கே வந்திருக்கின்றன என்று நானா சிரித்தார்.

குழாயை மாற்றியதும் புகை நின்றது. ஆனால் பிளக்குகளைக் கழற்றியபோது ஒன்றின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போல் கரும்புள்ளிகளும், நடுவே மினுங்கும் அலுமினியத் துகள்களும் இருந்தன. எஞ்சினை இறக்கினோம். ஒரு பிஸ்டனில் இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள விளிம்பு உடைந்திருந்தது. 92 பெற்றோல், பழைய ஈசியூ, இன்டர்கூலர் கிடையாது, அழுத்த விகிதம் 11. வேறென்ன நடக்கும்?

டர்போவை நானாவிடமே விற்றுவிட்டு, நான்கு த்ரொட்டில்களைத் தேடிப் பிடித்துத் திரும்ப வைத்தேன். அவற்றுக்குக் கொடுத்த விலையை இங்கே எழுத மாட்டேன், வீட்டார் வாசிக்கக்கூடும். மருதானைப் பாலத்தில் 5000ஐத் தாண்டி அந்த நான்கும் ஒன்றாக மூச்சிழுக்கும் சத்தத்துக்கு முன்னால் அரை பார் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் ருசி வேறு.

வத்தளை, கராஜ் வேலை

இரண்டு தம்பிமாரும் எழுதியதை வாசித்தேன். எனக்குச் சொந்தமாக ஒரு பழைய வேன்தான் இருக்கிறது. ஆனால் மற்றவர்களின் டர்போக்களை நிறையவே பூட்டியும் கழற்றியும் இருக்கிறேன்.

உயர்ந்த அழுத்த விகிதத்தில் டர்போ வைக்கும் ஆசை புதியதல்ல. 1962இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற காரை விற்றது. விகிதம் 10.25, அதன்மேல் டர்போ. நொக்கிங்கை அடக்கக் காய்ச்சி வடித்த நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை ஒரு தனித் தாங்கியிலிருந்து தெளித்தார்கள். அந்தத் தாங்கியை நிரப்ப வேண்டியது உரிமையாளரின் வேலை. பலர் நிரப்பவில்லை. தாங்கி காலியானால் பூஸ்ட் தானாகக் குறையும்படி அமைத்திருந்தார்கள், உரிமையாளர்கள் கார் இழுக்கவில்லை என்று முறைப்பாடு செய்தார்கள். பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றினார்கள். தொழிற்சாலை செய்து கொடுத்ததையே பராமரிக்காத மனிதர்கள், கராஜில் நாங்கள் செய்து கொடுப்பதைப் பராமரிப்பார்கள் என்று நம்பி நான் வேலை எடுப்பதில்லை. காரைவிட அதைக் கொண்டுவருகிறவரைத்தான் முதலில் பார்ப்பேன். ஒயில் எப்போது மாற்றினீர்கள் என்றால் யோசிக்கிறவருக்கு டர்போ வேண்டாம்.

வேலையின் வரிசையையும் பலர் தலைகீழாக்குகிறார்கள். டர்போவை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். முதலில் செய்ய வேண்டியது சிலிண்டர்களின் அழுத்தத்தையும் கசிவையும் அளப்பது. ஒரு சிலிண்டர் பலவீனமாக இருந்தால் அங்கேயே பேச்சை நிறுத்தலாம். அடுத்து எரிபொருள்: பம்ப், இன்ஜெக்டர், திரும்ப எழுதக்கூடிய ஈசியூ, புகைக்குழாயில் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் சென்சர். சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று. பூஸ்டில் அதை 11.5, 12 என்ற அளவுக்குக் கொண்டுவந்தால்தான் சிலிண்டர் குளிரும். டர்போ கடைசியாக வரட்டும். ஒட்டுமொத்தச் செலவில் அதன் பங்கு சிறியது.

கலவையைக் கெட்டியாக்கிய, அதாவது பெற்றோலைக் கூட்டிய, கார் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது கார்பன் மொனொக்சைட் கூடிவிடும், வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. நல்ல டியூனர் ஐட்லிங்கிலும் மெதுவான ஓட்டத்திலும் கலவையைச் சரியான அளவிலேயே விட்டு, பூஸ்டில் மட்டும் கெட்டியாக்குவார். அப்போது பரிசோதனையில் சங்கடம் வராது. இதற்குப் பதிலாக முழு டர்போ எஞ்சினையே மாற்றலாமே என்று கேட்கிறவர்களுக்கு: பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போக வேண்டும். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள். வாய்ப்பேச்சு விபத்துக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

தெஹிவளை, மஸ்டா ரோட்ஸ்டர்

முதல் தலைமுறை ரோட்ஸ்டர், 1.6. 1989இல் ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் வந்த வகை. 120 குதிரைவலு, அழுத்த விகிதம் 9.4. இதே பி6 குடும்பத்தில் 323 காருக்கு மஸ்டாவே டர்போ எஞ்சின் செய்திருக்கிறது என்பதால் என் வேலை உங்கள் இருவரின் வேலையைவிட எளிது என்று நினைக்கிறேன். வத்தளை அண்ணா சொன்ன சோதனை முடிந்தது, நான்கு சிலிண்டரும் சமமாக இருக்கின்றன. வெள்ளவத்தை அண்ணாவிடம் ஒரு கேள்வி. முழுப் பூஸ்டில் ஒரு கணம் விக்கி விக்கி எடுக்கிறது என்று இதே காருக்கு டர்போ பூட்டிய என் நண்பர் சொல்கிறார். பெற்றோல் போதவில்லையா?

வெள்ளவத்தை, டொயோட்டா 86

தம்பி, வைட்பேண்ட் மீற்றரில் கலவை 12க்குக் கீழே நிலையாக இருந்தால் பெற்றோல் போதுமானது. அப்போது தீப்பொறியைச் சந்தேகப்படுங்கள். சிலிண்டரில் காற்று அடர்ந்திருக்கும்போது தீப்பொறி தாண்டுவது கஷ்டம், அதிக இடைவெளி விட்டால் அணைந்துபோகும். பிளக் இடைவெளியை 0.7 மில்லிமீற்றர் அளவுக்குக் குறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே ஒரு படி குளிரான, அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும், பிளக்காகவும் வாங்கட்டும். எனக்கும் முதலில் அதே விக்கல் இருந்தது, பிளக்கோடு போய்விட்டது. போகாவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் தரும் கொயிலைப் பாருங்கள். அந்தக் கால 1.6இல் கொயிலுக்கும் வயது ஆகியிருக்கும்.