புதிய ஆல்பம் வினைலில் வந்திருக்கிறதா என்று உறுதியாக அறிவது எப்படி?

கேள்வி: இசைத்தேடி

அனைவருக்கும் வணக்கம். புதிதாக வெளியாகும் ஆல்பங்களை முதலில் ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்டுவிட்டு, மனத்தில் தங்குகிறவற்றை மட்டும் இசைத்தட்டாக வாங்கிவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. பழைய ஆல்பங்களைப் பொறுத்தவரை சிரமமில்லை. எந்த ஆண்டில் எந்தப் பதிப்பு வந்தது என்பது எங்காவது பதிவாகியிருக்கும். புதியவற்றில்தான் திணறுகிறேன்.

அண்மையில் ஒரு பியானோ மூவர் குழுவின் ஆல்பம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதன் பெயருடன் "வினைல்" என்று சேர்த்துத் தேடியபோது, முதலில் வந்தது அதே அட்டைப்படம் கொண்ட சிடி. அடுத்து வந்த விற்பனைப் பக்கத்தில் "கையிருப்பு இல்லை" என்று மட்டும் இருந்தது. தட்டு வந்து விற்றுத் தீர்ந்ததா, இனிமேல்தான் வருமா, வரவே வராதா என்பதற்கு அங்கே விடை இல்லை. மூன்றாவதாக, கேள்விப்படாத விற்பனையாளர் ஒருவர் "அரிய வினைல் பதிப்பு" என்று விளம்பரம் செய்திருந்தார். நம்பி வாங்கத் துணிவு வரவில்லை.

ஓர் ஆல்பம் வினைலில் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை எங்கே பார்த்து உறுதிசெய்வது? இப்போது இல்லையென்றால், பின்னர் வருமா என்பதை ஊகிக்க வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: முப்பத்துமூன்றேகால்

வணக்கம். விற்பனைத் தளத்திலிருந்து தொடங்குவதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது என்பது என் கருத்து. தட்டை வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது இசை நிறுவனம், அதாவது லேபிள். ஆகவே தேடலை அங்கிருந்து தொடங்குங்கள்.

லேபிளின் பெயர் உங்கள் செயலியிலேயே இருக்கிறது. ஸ்பாட்டிஃபையிலோ ஆப்பிள் மியூசிக்கிலோ ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்து, பாடல் வரிசை முடியும் இடம் வரை கீழே இறங்கிப் பாருங்கள். சிறிய எழுத்தில் ஆண்டும், வட்டத்துக்குள் "P" என்ற ஆங்கில எழுத்தும், அதையடுத்து ஒரு பெயரும் இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் குறிக்கும் வரி அது. சில ஆல்பங்களில் கலைஞரின் பெயரை முதலில் போட்டு, இன்ன நிறுவனத்துக்கு உரிமம் அளிக்கப்பட்டுள்ளது என்று தொடர்ந்து எழுதியிருப்பார்கள். அப்போது நீங்கள் தேட வேண்டியது உரிமம் பெற்ற அந்த நிறுவனத்தை. அதன் இணையதளத்தில் அந்த ஆல்பத்துக்கென்று உள்ள பக்கத்தில், எந்தெந்த வடிவங்களில் வெளியாகிறது என்பதைப் பெரும்பாலும் தெளிவாகவே குறிப்பிட்டிருப்பார்கள்.

சிறிய லேபிளாகவோ தனித்து இயங்கும் கலைஞராகவோ இருந்தால், கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தைத் தவறாமல் பாருங்கள். டிஜிட்டல் ஆல்பத்துக்கான பொத்தான் இருக்கும் அதே பக்கத்தில் தட்டின் படமும், அது எப்போது அனுப்பப்படும் என்ற தேதியும் இருக்கும். விற்றுத் தீர்ந்திருந்தால் அதுவும் அங்கேயே தெரியும். வந்து தீர்ந்ததா, வரவே இல்லையா என்ற உங்கள் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைக்கும் இடம் அதுதான்.

டிஸ்காக்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அந்தத் தரவுத்தளத்தில் ஓர் ஆல்பத்தின் எல்லாப் பதிப்புகளும் ஒரே தலைப்பின்கீழ் தொகுக்கப்பட்டிருக்கும். வடிவம் என்ற இடத்தில் வினைலைத் தேர்ந்தெடுத்தால் தட்டுகள் மட்டும் தெரியும். ஆனால் அதை நிரப்புபவர்கள் பயனர்களே; பொருள் கைக்கு வந்த பிறகே பதிவிட வேண்டும் என்பது அங்குள்ள விதி. எனவே முன்பதிவில் இருக்கும் தட்டு அங்கே இருக்காது. டிஸ்காக்ஸில் காணவில்லை என்பதை வைத்து வினைல் பதிப்பே கிடையாது என்று முடிவுகட்டுவது தவறு. பலரும் அந்த இடத்தில்தான் தேடலைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

பதில் 2: அரக்குத்தட்டு

மேலே நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பின்னர் வருமா என்ற இரண்டாம் கேள்வியைப் பற்றிச் சிறிது எழுதுகிறேன்.

டிஜிட்டல் கோப்பைப் பதிவேற்றினால் சில நாட்களில் உலகெங்கும் கேட்க முடியும். தட்டின் கதை வேறு. வழக்கமான முறையில், அலுமினியத் தகட்டின்மேல் பூசிய அரக்கில் முதலில் ஒலித்தடத்தை வெட்ட வேண்டும். அதன்மீது மின்முலாம் பூசி உலோக அச்சுகளை எடுக்க வேண்டும். சோதனைத் தட்டுகளை அச்சிட்டு, கலைஞரும் லேபிளும் கேட்டு ஒப்புதல் தர வேண்டும். அந்தத் தட்டில் இரைச்சலோ தாவலோ இருந்தால் மீண்டும் வெட்டும் நிலைக்கே போக வேண்டியிருக்கும். இதற்கிடையே ஆலையில் வரிசையும் காத்திருக்கும். 2020 பிப்ரவரியில் இந்த அரக்குத் தகடுகளைத் தயாரித்த கலிஃபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை தீக்கிரையானதும், உலகில் அவற்றுக்குப் பெரும்பாலோர் நம்பியிருக்க வேண்டிய இடம் ஜப்பானிலுள்ள ஒரே நிறுவனம் என்றாகிவிட்டது. செம்புத் தகட்டில் நேரடியாக வெட்டும் முறையும் இருப்பதால் தொழில் நின்றுவிடவில்லை. ஆயினும் இந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. ஆகவே டிஜிட்டலில் ஆல்பம் வந்து பல மாதங்கள் கழித்துத் தட்டு வருவது இயல்பே. முதல் வாரத்தில் காணவில்லை என்பதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம்.

ஊகிக்க உதவும் அடையாளங்களும் உண்டு. அந்த லேபிள் கடைசியாக வெளியிட்ட சில ஆல்பங்களைப் பாருங்கள். அவை எல்லாம் தட்டாகவும் வந்திருந்தால் இதுவும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆல்பத்தின் நீளமும் முக்கியம். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் வரைதான் ஒலியை நிறைவாகப் பதிக்க முடியும். அதற்கு மேல் போகப்போகத் தடங்களை நெருக்கி, ஒலியளவைக் குறைத்தாக வேண்டும். 40 நிமிட ஆல்பம் ஒரே தட்டில் அடங்கிவிடும். 70 நிமிட ஆல்பத்துக்கு இரண்டு தட்டுகள் தேவைப்படுவதால் செலவு கூடும். சிறிய லேபிள்கள் அங்கே தயங்குகின்றன. தனிப்பாடலாக வெளியாவது தட்டாக வருவது இப்போது அரிது. அந்தப் பாடல் இடம்பெறும் ஆல்பத்துக்குக் காத்திருப்பதே நல்லது.

தேடும்போது ஒரு நுணுக்கம்: சிடிக்கும் வினைலுக்கும் தனித்தனி பார்கோடு எண் இருக்கும். லேபிளின் பக்கத்தில் வினைலுக்குரிய பார்கோடு எண்ணோ, கேட்லாக் எண்ணோ (தன் வெளியீட்டுக்கு லேபிள் இடும் அடையாள எண்) கிடைத்தால், ஆல்பத்தின் பெயருக்குப் பதில் அந்த எண்ணைக் கொண்டு தேடுங்கள். சிடிகளும் சட்டைகளும் சுவரொட்டிகளும் தேடல் முடிவுகளிலிருந்து விலகி, அந்தத் தட்டை வைத்திருக்கும் கடைகள் மட்டும் எஞ்சும்.

பதில் 3: பக்கம் இரண்டு

அந்த "அரிய வினைல் பதிப்பு" விளம்பரத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். உரிமை பெறாமல் அச்சிட்ட தட்டுகள் சந்தையில் உண்டு. ஆலையில் அச்சிடாமல் ஒவ்வொன்றாகக் கீறி எடுக்கும் தட்டுகளும் உண்டு. இப்படிக் கீறுவது முறையான தொழில்நுட்பமே. கலைஞர்களே மிகக் குறைந்த எண்ணிக்கையில் அவ்வாறு வெளியிடுவதுண்டு. கலைஞருக்கே தெரியாமல் யாரோ ஒருவர் ஸ்ட்ரீமிங் கோப்பைக் கீறி விற்பதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். நாம் விரும்பிக் கேட்கும் கலைஞருக்கு அதிலிருந்து எதுவும் போய்ச் சேராது. லேபிளின் பெயரோ கேட்லாக் எண்ணோ குறிப்பிடாத விளம்பரத்தைக் கடந்து போய்விடுங்கள்.

முறையான பதிப்பாகவே இருந்தாலும், வாங்கும் முன் பாடல் பட்டியலை ஒப்பிடுங்கள். தட்டுக்கான பணிகள் முன்கூட்டியே முடிந்துவிடுவதால், கடைசி நேரத்தில் சேர்த்த பாடல்கள் அதில் இல்லாமல் போகலாம். 2024இல் பியான்சேயின் "கௌபாய் கார்ட்டர்" வெளியானபோது, டிஜிட்டலில் இருந்த சில பாடல்கள் முதலில் வந்த வினைல் பதிப்பில் இல்லை.

மேலும், தனியார் இசைத்தட்டுக் கடைகளைக் கொண்டாட 2008 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் ரெக்கார்ட் ஸ்டோர் டே நாளுக்கென்று வெளியாகும் தட்டுகளை லேபிளின் சொந்தக் கடையில் தேடினால் கிடைக்காமல் போகலாம்; அவை பங்கேற்கும் தனிக் கடைகளுக்கு மட்டுமே செல்கின்றன. அதற்கான பட்டியல் முன்கூட்டியே வெளியிடப்படுவதால், ஏப்ரல் நெருங்கும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இசைத்தேடி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செயலியின் அடிப்பகுதியில் இருந்த அந்தச் சிறிய வரியைப் பார்த்தேன். லேபிளின் பெயர் கிடைத்தது. அவர்களுடைய தளத்தில் இந்த ஆல்பத்துக்கு டிஜிட்டலும் சிடியும் மட்டுமே குறிப்பிடப்பட்டுள்ளன. ஆனால் விற்பனைப் பக்கங்களை மீண்டும் பார்த்தபோது, வேறொரு லேபிளின் பெயரும் கேட்லாக் எண்ணும் கொண்ட வினைல் முன்பதிவு ஒன்று தென்பட்டது. பெயர் மாறியிருப்பதால் இதையும் ஒதுக்கிவிட வேண்டுமா?

பதில் 4: முப்பத்துமூன்றேகால்

பெயர் மாறியிருப்பதை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். டிஜிட்டல் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, வினைல் பதிப்புக்கான உரிமத்தை மட்டும் வேறொரு நிறுவனத்துக்கு அளிப்பது இத்துறையில் வழக்கம்தான். பிறரிடம் உரிமம் பெற்றுத் தட்டுகளை மட்டுமே வெளியிடும் லேபிள்களும் இருக்கின்றன. அவ்வாறு வரும் தட்டின் பின்னட்டையில், யாரிடமிருந்து உரிமம் பெறப்பட்டது என்ற வரி பெரும்பாலும் அச்சாகியிருக்கும். முன்பதிவுப் பக்கத்தில் பின்னட்டையின் படம் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

படம் இல்லையென்றால், அந்தக் கேட்லாக் எண்ணைக் குறிப்பிட்டுக் குழுவுக்கே இரண்டு வரியில் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். சிறிய குழுக்கள் பெரும்பாலும் தாங்களே பதில் எழுதுகின்றன. தட்டு அவர்களுக்குத் தெரிந்து வருவதாக இருந்தால், யாரிடம் வாங்கினால் தங்களுக்கு உதவியாக இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.