பீதி நோய்க்குத் தாங்கக்கூடிய சிகிச்சை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கைக்குப் பல ஆண்டுகளாகக் கடுமையான பீதி நோய். நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, "செத்துவிடுவேன் அக்கா" என்று கையைப் பற்றிக்கொள்வாள். ஈசிஜி, தைராய்டு எல்லாம் சரியாகவே இருக்கின்றன.

பதற்றத்துக்குத் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் மாத்திரைகள் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றில் குமட்டல், இன்னொன்றில் தூக்கமே போயிற்று. தொடக்க நாள்களில் படபடப்பு கூடவே செய்தது. குளோனாசெபாம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை மட்டும் கேட்கிறது. ஆனால் அது பழகிவிடும் மருந்து, திடீரென்று நிறுத்தவும் கூடாது. (நிறுத்திப் பார்க்கச் சொல்லும் பெரியவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளவும்.)

இப்போது மருத்துவர் இமிப்ரமின் என்ற பழைய மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கலாம் என்கிறார். இல்லாவிட்டால் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (CBT), அதாவது மருந்தில்லாமல் பேச்சாலும் பயிற்சியாலும் தரும் சிகிச்சை. அதில் உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடுவது, சுழல்நாற்காலியில் சுற்றுவது என்று அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவார்களாம். கேட்டதுமே அழுதுவிட்டாள்.

இந்தப் பயிற்சியை முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அவள் வேகத்துக்கு மெதுவாக நடத்துவார்களா? இமிப்ரமினில் வாய் உலர்வதும் மலச்சிக்கலும் எவ்வளவு தொல்லை? மதுரைப் பக்கம் இதைத் தமிழில் செய்யும் மருத்துவ உளவியலாளர் உண்டா, பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குத்தான் போக வேண்டுமா? தியானம் மட்டும் சொல்லாதீர்கள். மூச்சைக் கவனி என்றாலே அவளுக்குத் தொடங்கிவிடுகிறது.