புதுப்பிப்பு: பண்ணை–வேலணை இணைப்பு, அன்ரனாவை இறக்கிய பிறகு

மாரியில் நீர் ஏறும்போதெல்லாம் யாழ்ப்பாணத்துப் பண்ணைக்கும் வேலணைத் தீவுக்கும் இடையே கடல்நீரேரிக்கு மேலான எங்கள் 5.8 கிகாஹேர்ட்ஸ் கம்பியில்லா இணைப்பு அறுந்துபோகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இரு கரையிலும் அன்ரனா 12 மீற்றர் உயரத்தில். இடைத்தூரம் 5 கிலோமீற்றர்.

அதற்கு, அனுப்பும் வலுவைக் கூட்டச் சொன்னவர்களே அதிகம். கூட்டினோம். நேரடி அலையோடு நீரில் தெறிக்கும் அலையும் சேர்ந்து கூடியதுதான் மிச்சம். பண்பேற்றத்தை, அதாவது தரவை அலையில் குறியீடுகளாக ஏற்றும் முறையை, 64 குவாமிலிருந்து (64-QAM) அதைவிட எளிய கியூபிஎஸ்கேக்கு (QPSK) மாற்றியதும் பிழைவீதம் இறங்கியது. ஆனால் குறியீடு ஒன்றுக்கு 6 பிட் போன இடத்தில் 2 பிட். வேகம் மூன்றிலொன்றாகிவிட்டது.

உண்மையான வில்லங்கம் உயரத்தில் இருந்தது. இரு உயரங்களின் பெருக்கத்தை இரட்டித்துத் தூரத்தால் வகுத்தால் பாதை வித்தியாசம், அதாவது தெறிக்கும் அலை நேரடி அலையைவிடக் கூடுதலாகப் போகும் தூரம், 5.8 சென்ரிமீற்றர். அலைநீளம் 5.2. தெறிக்கும் அலை தலைகீழாவதால், வித்தியாசம் முழு அலைநீளத்தை நெருங்க நெருங்க இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். நீர்மட்டம் அரை மீற்றர் உயர்ந்தால் நீருக்கு மேலான உயரங்கள் குறைந்து, வித்தியாசமும் சுருங்கி, கிட்டத்தட்ட அதே புள்ளிதான்! காற்றடித்தால் தெறிப்பு குலையும் என்றவருக்கு: இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் சிற்றலையும் கண்ணாடிதான்.

வேலணைப் பக்க அன்ரனாவை 6 மீற்றருக்கு இறக்கினோம். கம்பத்தில் ஏறிய தம்பி, “எல்லோரும் ஏற்றத்தானே சொல்வார்கள், அண்ணை?” என்று இருமுறை கேட்டுவிட்டே திருகாணியைத் தளர்த்தினான். வித்தியாசம் இப்போது ஏறத்தாழ அரை அலைநீளம், அலைகள் கைகொடுக்கின்றன. நீர் ஏறிய நாளிலும் 64 குவாம் அசையாமல் நிற்கிறது.