லெஜாந்தர், ஹெர்மைட், பெசல்: மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

கேள்வி (இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

இந்தப் பருவத்தில் கணித இயற்பியல் தாள். வாரம் ஒரு சார்பு வருகிறது. லெஜாந்தர் முடிந்தால் ஹெர்மைட், அப்புறம் பெசல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு, கூடவே நாலைந்து சூத்திரங்கள். வரி விடாமல் எழுதிவிடுவேன். ஆனால் லெஜாந்தரின் (3எக்ஸ்² − 1)/2 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வாய் திறக்க முடியவில்லை. முதலில் மெய்ப் பகுப்பாய்வு (நுண்கணிதத்தை முறையாக நிறுவிக் காட்டும் பாடம்) படித்துவிட்டு வரவேண்டுமா?

பதில் 1

இப்போதைக்கு வேண்டாம். நானும் முதுகலை வரை இந்தச் சூத்திரங்களை மனப்பாடமாகவே சுமந்தேன். எனக்குத் தெளிவு வந்தது ஒரே ஒரு கணக்கில். அதை நீங்களே கையால் போட்டுப் பாருங்கள்.

−1 முதல் 1 வரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1, எக்ஸ், எக்ஸ்² என மூன்று சார்புகள். இரண்டைப் பெருக்கித் தொகையிட்டால் பூச்சியம் வந்தால் அவை செங்குத்து. 1-உம் எக்ஸும் செங்குத்துதான். 1-உம் எக்ஸ்²-உம் அப்படி இல்லை, 2/3 வருகிறது. 1-ஐ அதனோடே பெருக்கித் தொகையிட்டால் 2. ஆக, எக்ஸ்²-க்குள் 1-இன் பங்கு 1/3. அதைக் கழியுங்கள். எக்ஸ் = 1 என்ற இடத்தில் மதிப்பு 1 ஆகும்படி 3/2 ஆல் பெருக்குங்கள். நீங்கள் கேட்டது கையில் இருக்கும்.

இதையே முழுக் கோட்டிலும், காஸின் மணி வடிவ வளைவு e^(−எக்ஸ்²)-ஐ எடையாக வைத்து, அதாவது தொகையிடும் முன் அதனாலும் பெருக்கிச் செய்தால் எக்ஸ்² − 1/2 கிடைக்கும். 4 ஆல் பெருக்கினால் ஹெர்மைட்டின் 4எக்ஸ்² − 2.

இடைவெளியும் எடையும் மாறுகின்றன, வேலை ஒன்றுதான். இரு முனையும் கட்டிய கம்பியின் சைன் அலைகளும் இந்தக் குடும்பம்தான். ஸ்டர்ம், லியோவில் என்ற இரு கணிதவியலாளர்கள் 1830களிலேயே இந்த உறவைக் கண்டுவிட்டார்கள். பாடத்தை அவர்கள் பெயரில் உள்ள அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள், பெசலும் அங்கேயே வந்து சேரும். அந்த அத்தியாயத்தைக் கடைசியில் வைப்பது எனக்கு இன்றும் பெரிய வருத்தம்.

பதில் 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பகுப்பாய்வை ஒரேயடியாகத் தள்ளிப்போடாதீர்கள். இயற்பியலாளர் டிராக் தன் டெல்டா சார்பை (ஒரே புள்ளியில் குவிந்து, மற்ற இடமெல்லாம் பூச்சியமாக இருப்பது) 1920களில் துணிந்து பயன்படுத்தினார். அதற்கு முறையான கணித அடித்தளம் கணிதவியலாளர் லோரான் ஷ்வார்ட்ஸ் வழியாக 1940களில்தான் வந்தது. இயற்பியல் காத்திருக்கவில்லை, சரி. அதற்காக எல்லை நிபந்தனையை (ஓரங்களில் சார்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை) அலட்சியம் செய்யக் கூடாது. குவாண்டம் பாடத்தில் துகளை அரைக்கோட்டில் (0 முதல் முடிவிலி வரை) அடைத்துப் பாருங்கள். வழக்கமான உந்தச் செயலியை (ஒரு சார்பை வாங்கி இன்னொரு சார்பைத் தரும் விதி) அங்கே தன்-இணைச் செயலியாக்கவே முடியாது, அதாவது அளக்கக்கூடிய அளவுக்குக் குவாண்டம் பாடம் கேட்கும் நிபந்தனையை அது நிறைவேற்றாது. எந்தச் சார்புகளின் மேல் செயல்படுகிறது என்று சொல்லாத செயலி பாதிச் செயலிதான்.

கேட்டவர்

நேற்று இரவு போட்டுப் பார்த்தேன். எக்ஸ்² சரியாக வந்தது. விடாமல் எக்ஸ்³-உம் எடுத்தேன். 2/5-ஐ 2/3 ஆல் வகுத்து 3/5, அதனால் எக்ஸ்³ − 3எக்ஸ்/5. பிறகு 5/2 ஆல் பெருக்கினேன். புத்தகத்தைத் திறந்தால் அதே (5எக்ஸ்³ − 3எக்ஸ்)/2!