மட்டக்களப்பு வாவி: ஆற்றுவாய் வெட்டும்போது நீங்கள் கண்டது என்ன?

எழுவான்கரை:
வாவி கடலோடு சேரும் வாயை மூடிநிற்கும் மண்திட்டை, வெள்ளம் வடிய வெட்டித் திறப்பதைத்தான் ஆற்றுவாய் வெட்டுவது என்கிறோம். பாலமீன்மடுவில் அதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள். இன்னும் கண்ணுக்குள் நிற்பது கடைசி மண்திட்டு உடைந்த நேரம். பெக்கோ (மண் வாரும் இயந்திரம்) வாவிப் பக்கமிருந்து கடலை நோக்கி ஒடுக்கமாகத்தான் வாய்க்கால் இழுத்தது. கடலோரத்தில் ஒரு திட்டை மட்டும் விட்டுவைத்து, கடல் வற்றும் நேரம் பார்த்து அதையும் வாரினார்கள். முதலில் கணுக்காலளவு ஓட்டம். கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்க மணலும் பாளம் பாளமாக இடிந்து விழ, பெக்கோவை அவசரமாகப் பின்னுக்கு எடுத்தார்கள். வாயை அகலமாக்குவது இயந்திரமல்ல, தண்ணீர்தான். வாவி மட்டம் கடலைவிட நன்றாக உயர்ந்து நிற்காவிட்டால் அந்த வேகம் வராது; அலை கொண்டுவரும் மணல் வெட்டின இடத்தைத் திரும்ப மூடிவிடும்.

மண்டூரான்:
மட்டம் உயரட்டும் என்று பார்த்திருந்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரை வேளாண்மை என்னாவது அண்ணன்? வாவி செங்கலடிப் பக்கமிருந்து கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர். கடலுக்கு வாசல் இரண்டே இரண்டு: வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. நவகிரிப் பக்கத்து வெள்ளம் வந்து சேர்ந்தால் வெல்லாவெளி–மண்டூர் வீதியில் முழங்காலளவு நிற்கும். அந்தத் தண்ணீருக்குப் பாலமீன்மடு தூரம். இடையில் பட்டிருப்பிலும் மண்முனையிலும் பாலத்துக்காக வாவிக்குள் நிரப்பின அணைவீதிகள் வேறு ஓட்டத்தை ஒடுக்குகின்றன. கல்லாறு வாய் மூடிக்கிடக்க வடக்கில் மட்டும் வெட்டினால் தெற்கில் மெதுவாகத்தான் வடியும். ஒரு சாண் வளர்ந்த பெரும்போகப் பயிர் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் அழுகத் தொடங்கிவிடும்.

வீச்சுவலை:
இரண்டு பேரும் வெளியே போகிற தண்ணீரை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். உள்ளே வருவதும் இருக்கிறது. மழை பிடிக்குமுன் அவசரப்பட்டு வெட்டினால் வாவி மட்டம் சட்டென்று இறங்கும், வளராத இறால் ஓட்டத்தோடு கடலுக்குப் போகும், பிறகு கடல்நீர் ஏறி கரையோர வயலில் உவர் பிடிக்கும். மண்டூரான் சொல்லும் பயிருக்கும் அதுதான் கெடுதி. அதேநேரம் வாய் திறக்காமலே விட்டாலும் எங்களுக்கு நட்டம், இறால் குஞ்சு கடலிலிருந்துதான் உள்ளே வரவேண்டும். ஆகவே மீன்பிடிக்கிறவர்கள் வெட்டுவதையே எதிர்க்கிறார்கள் என்று யாரும் எழுதவேண்டாம். பிணக்கு எந்த நாளில் வெட்டுவது என்பதைப் பற்றியது. கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், நீர்ப்பாசனத்தார் மூவரையும் ஒரே மேசையில் இருத்தாமல் குறிக்கிற நாள் யாரோ ஒருவருக்குப் பிழையாகத்தான் முடியும்.

நிலஅளவை:
ஆற்றுவாய் பார்த்த அனுபவம் என்னிடம் இல்லை. ஆனால் வாவிக்கரையில் காணி வாங்குவோருக்கு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ஓகஸ்டில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போது, சேறு காய்ந்த விளிம்பில் நாடாவின் நுனியை வைத்து ‘நூறு மீற்றர் தாண்டிவிட்டது’ என்று அளந்து காட்டுவார்கள். அந்த அளவு செல்லாது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரச் சட்டம் கடற்கரையில் 300 மீற்றர் உள்பக்கத்தைக் கரையோர வலயமாக்கியது. கடலோடு தொடுத்த வாவிகளின் சுற்றுக்கரையில் 100 மீற்றரை 2011ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. வருடம் முழுக்க வாய் திறந்திருக்க வேண்டுமென்றில்லை, இடைக்கிடை திறந்தாலே வாவி அதற்குள் வந்துவிடும். வாவிக்கரையின் இந்த 100 மீற்றர் தொடங்குவது சராசரிக் கடல் மட்டப் பூச்சியக் கோட்டிலிருந்து. பருவத்துக்குப் பருவம் நகரும் நீர் விளிம்பிலிருந்து அல்ல. முற்பணம் கொடுக்குமுன் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அந்தக் கோட்டை வரைபடத்தில் குறிப்பியுங்கள்.

அடுத்தது, காணி எந்தப் பிரிவில் என்று பாருங்கள். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவும் கல்லடியும் மண்முனை வடக்குப் பிரதேச செயலகம், மாநகர சபை. வலையிறவுப் பாலத்தைத் தாண்டி வவுணதீவுக்குப் போனால் மண்முனை மேற்கு, அங்கே பிரதேச சபை. காத்தான்குடிக்கு நகர சபை. அரச காணி உத்தரவுப்பத்திரம் என்றால் முதலில் பிரதேச செயலகம். உறுதி எழுதிய தனியார் காணி என்றாலும் வலயத்துக்குள் விழுந்தால் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். கட்டட வரைபடத்தில் சபையின் முத்திரை விழுந்துவிட்டால் அதுவே போதும் என்று நினைத்து அத்திவாரம் வெட்டுகிறார்கள், பிறகு வேலையை நிறுத்தச்சொல்லிக் கடிதம் வருகிறது. கண்டல் மரங்களை வெட்டி மண் நிரப்பின துண்டென்றால் எவ்வளவு மலிவு என்றாலும் தொடாதீர்கள்.

எழுவான்கரை:
பயனுள்ள விபரம், தம்பி. ஆனால் கேட்டது ஆற்றுவாயைப் பற்றி. புளியந்தீவில் இருப்பவர்கள் யாரும் இல்லையா?

கோட்டைமுனை:
இருக்கிறோம். வாவி மட்டம் வடிகானின் வாயைத் தாண்டும் நாளில் மழை விட்டபிறகும் வீதியில் தண்ணீர் ஏறும். கானின் மூடி இடுக்கால் கறுத்த நீர் குமிழி விட்டு மேலே வரும், இலைகுப்பை வாவிப் பக்கமிருந்து வீட்டுப் பக்கம் மிதக்கும். அன்றைக்குக் கானைத் துப்பரவாக்கு என்று சபையை ஏசிப் பிரயோசனமில்லை, கான் சுத்தமாக இருந்தாலும் வடிய இடமில்லை. கான் வேலையை மாரிக்கு முன்பே, ஒக்டோபருக்குள் முடித்திருக்க வேண்டும். மட்டம் ஏறியபின் செய்யக்கூடியது ஒன்றுதான்: கான் வாயை மண்மூட்டையால் அடைத்து, உள்ளே தேங்குவதைப் பம்ப் போட்டு இறைப்பது. ஆற்றுவாய் ஓடத் தொடங்கியதும் மூட்டையை எடுத்துவிட மறக்கவேண்டாம்.